பதினாலாம் நம்பரில் நம்மூர்

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது செட்டாப் பாக்ஸ் மாட்டினார்கள். மாட்ட வந்தவர் ரிமோட்டில் எதையோ அழுத்திவிட்டு, "சேனல் தேடுதுங்க, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்று தண்ணீர் கேட்டார். திரையில் ஒரு நீலக்கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. தண்ணீர் எடுக்கிற சாக்கில் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். சேனல் தேடுவதற்கெல்லாம் எழுந்து போவார்களா என்று நீங்கள் சிரிக்கலாம். நான் போவேன்.

என் மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது திருச்செங்கோட்டுப் பக்கம் பாதி வீடுகளில் ஆண்கள் இருக்கமாட்டார்கள். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருப்பார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். மழை பிடித்து அங்கே வேலை நின்றால்தான் ஊருக்கு வருவார். டீசலும் பாறைப்பொடியும் கலந்த ஒரு வாசனை அவர் சட்டையில் இருக்கும். எத்தனை அலசினாலும் போகாது. அது எனக்குப் பிடிக்கும் என்று ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை.

ஒரு மழைக்கு வந்தவர் உள்ளறையில் இருந்த கம்ப்யூட்டருக்கு டி.வி. கார்டு வாங்கி வந்தார். கேபிள் ஒயரை அதில் சொருகி, நேரம் குறித்து வைத்தால், நிகழ்ச்சியைத் தானே பதிவு செய்துகொள்ளுமாம். "நான் இல்லாதப்ப ஓடுறதையெல்லாம் வந்து பாத்துக்குவேன்" என்றார். ஆனால் எந்த எண்ணில் எந்தச் சேனல் என்று அதற்கு நாம்தான் சொல்லித் தர வேண்டும். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தோம். அவர் எண்ணை மாற்றுவார், நான் பார்த்துப் பெயர் சொல்வேன். தொடர்களாகப் போடும் சேனலுக்கு 'அழுகாச்சி' என்றேன். அப்படியே அடித்தார். செய்திச் சேனலுக்கு 'சண்டை'. பதினாலாம் நம்பரில் வந்த உள்ளூர் கேபிள் சேனலுக்கு 'நம்மூர்'. கல்யாணமாகி அவர் என் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த பொங்கலுக்கு அந்த உள்ளூர் சேனலில் குழந்தைகள் நடனம் வைத்தார்கள். எங்கள் மகள் கீர்த்தி அப்போது இரண்டாம் வகுப்பு, தனியாக ஆடினாள். கடைவீதியில் ஒரு மாடி அறையில் படம்பிடித்தார்கள். பெற்றோரை உள்ளே விடவில்லை; நான் படிக்கட்டில் செருப்புகளுக்குக் காவல் இருந்தேன். வீட்டில் ஆடிக் காட்டு என்றால், "டி.வி.ல பாத்துக்கோ" என்பாள். அவர் போனில், "எப்படியாச்சும் எனக்குப் புடிச்சு வெச்சிரு புள்ள" என்றார்.

பொங்கலன்று காலை 'நம்மூர்' சேனலுக்கு நேரம் குறித்திருந்தேன். எதற்கும் பார்ப்போமே என்று கம்ப்யூட்டரைத் திறந்தால், பதினாலில் யாரோ நகை விற்றுக்கொண்டிருந்தார். கேபிள்காரர் பண்டிகைக்குப் புதுச் சேனல்களைச் சேர்த்து எல்லாவற்றையும் இடம் மாற்றியிருக்கிறார். அவரைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பதறிப்போய் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பின்னால் ரிக் சத்தம். "மறுபடியும் ஸ்கேன் போடு" என்று கத்தினார். அழுத்தினேன். அழுகாச்சி, சண்டை, நம்மூர் எல்லாம் ஒரே நொடியில் மறைந்து, கோடு நகர ஆரம்பித்தது.

"ஏனுங்க, நாம வெச்ச பேரெல்லாம் அழிஞ்சு போச்சுங்க."

"போவட்டும். கோடு எங்க நிக்குது?"

"பாதிகூட வரலீங்க."

ஹாலில் இருந்த டி.வி.யில் கீர்த்தி ரிமோட்டை அழுத்தி அழுத்தித் தானே சேனலைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா, வா! அடுத்து நாந்தான்!"

"இரு சாமி, வாரேன்."

"அம்மா, நா வந்துட்டேன்! சீக்கிரம் வா!"

"இதோ வாரேன் சாமி."

எழுந்து நாலு எட்டு வைத்தால் ஹால். காதில் அவர், கண்ணில் கோடு. பாதியில் விட்டால் மொத்தமும் கெட்டுவிடுமோ என்று பயம். கோடு ஒருவழியாக முடிந்து, பெயரில்லாத சேனல்களை ஒவ்வொன்றாகத் தள்ளி வந்தால், உள்ளூர் சேனலில் வேறொரு குழந்தை ஆடிக்கொண்டிருந்தது. கீர்த்தி கதவருகே வந்து நின்றாள். "முடிஞ்சு போச்சு" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம். "கெடச்சுதா? ஏ புள்ள, கெடச்சுதா?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். "இல்லீங்க" என்றேன். அதற்குள் லைன் போய்விட்டது.

மறுநாள் பிரதி கேட்டு அந்த மாடிக்கு ஓடினேன். அதே கேசட்டில் கோலப்போட்டியை எடுத்துவிட்டார்களாம். "தெரியாமப் போச்சுங்கக்கா, முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது? அடுத்த மழைக்கு ஊருக்கு வந்த வீட்டுக்காரர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, "அம்முணி, அப்பனுக்கு ஒருக்கா ஆடிக் காட்டு சாமி" என்றார். அவள் கையை இடுப்பில் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிறகு நின்றுவிட்டாள். "மறந்துபோச்சுப்பா." அவர் ரொம்ப நேரம் கைதட்டினார்.

இப்போது அவர் ரிக் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். அந்த உள்ளூர் சேனல் இல்லை; அந்த மாடியில் பிரியாணிக் கடை வந்துவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் கீர்த்தியிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "நானா? டி.வி.லயா? எனக்கு ஞாபகமே இல்லியேம்மா" என்றாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது பச்சைப் பாவாடை. விடிய விடிய உட்கார்ந்து அதற்கு ஜரிகைக்கரை வைத்துத் தைத்தது நான்தான். ஆடும்போது அது எப்படிச் சுழன்றது என்று சொல்லத்தான் எங்கள் மூன்று பேரில் ஆளில்லை.