வள்ளத்தின் பின் இருக்கை

மன்னாரில் பிறந்தவன் என்ற ஒரே தகுதியை வைத்து, எனக்கு வள்ளம் ஓட்டத் தெரியும் என்று மகளிடம் பன்னிரண்டு வருடமாகப் புளுகி வந்திருக்கிறேன். உண்மையில் மன்னாரில் நான் பார்த்தது தபால் கந்தோர் வேலை.

எங்கள் வீடிருக்கும் ரொக்ஸ்பரோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் வடக்கே வந்து, காட்டு ஏரியில் கனூ என்கிற ஒடுங்கிய வாடகைத் துடுப்பு வள்ளத்தில் குந்தியிருக்கிறேன். நடுவில் கூடாரமும் மூன்று நாள் சாப்பாடும். முன்னால் மகள் நிலானி. திசை திருப்புகிறவர் இருக்கும் பின் இருக்கையில் நான். மூன்றாவது முறையாக வட்டமடித்து, புறப்பட்ட இறங்குதுறையிலேயே வந்து மோதுகிறோம்.

கனூ வாடகைக்கு விடும் பெண் கோப்பிக் கோப்பையுடன் நிற்கிறாள். பிரெஞ்சில் மகளிடம் மட்டுமே கதைக்கிறாள். எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது.

"என்னவாம்?"

"நான் பின்னுக்கு இருந்தால்தான் விடுவாவாம். நான் பள்ளிக்கூடக் கோடை காம்பில பழகினனான் அப்பா."

"நான் கடற்கரையில பிறந்தவன் எண்டு சொல்லு அவவுக்கு."

"நம்பமாட்டா. பாத்துக்கொண்டு நிண்டவ."

"அப்ப கூடாரத்தை இறக்கு. வீட்ட போவம்."

நிலானி இறக்கவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "இதுக்கு ஒரு வருஷமாக் கேட்டனான்" என்கிறாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு இடம் மாறுகிறேன். கனூ கோடு கீறினாற்போல் நேரே போகிறது. அது எரிச்சலை இன்னும் கூட்டுகிறது. அக்கரை வரைக்கும் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு சும்மா குந்தியிருக்கிறேன்.

வீடு திரும்பியதும் மனைவி நிலானியிடம் கேட்கிறாள்: "அப்பா எப்பிடி வள்ளம் ஓட்டினவர்?"

"அப்பா நல்ல பாரம், அம்மா. அவர் முன்னுக்கு இருந்தபடியா காத்துக்கும் ஆடேல்லை."