பகலில் தூங்குகிறவருக்கு ஒரு பேனல்

சூரியன் இலவசம் என்று பேச்சைத் தொடங்கி, அதைப் பிடித்து வைக்க ஆகும் செலவைச் சொல்லி முடிப்பதுதான் எங்கள் தொழில். 2012, 2013 வாக்கில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சோலார் கடைக்காக ஒரகடம் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் இல்லை என்று கரண்ட் வந்துபோன காலம். மடித்த செய்தித்தாளால் விசிறிக்கொண்டே, இன்வெர்ட்டர் வாங்கலாமா, சோலார் போடலாமா, இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாமா என்று யோசித்தவர்களில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

ஏழு வருடம்

சேரப்பணஞ்சேரியில் ஏகாம்பரம் என்பவர் விசாரித்திருந்தார். கம்பெனிக்கு நிலம் கொடுத்த பணத்தில் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக எட்டு அறைகள் கட்டி, தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். எங்களிடம் ஒரு படிவம் உண்டு. எத்தனை விளக்கு, எத்தனை மின்விசிறி, எது எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டு எழுத வேண்டும். அவர் தன் வீட்டுக்கு மட்டும் சொன்னார். டிவியைச் சொன்னவர் கிரைண்டரைச் சொல்லவில்லை. அது உள்ளே ஓடும் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

விலையைச் சொன்னதும், போட்ட பணம் எப்போது திரும்பும் என்றார். எல்லோருக்கும் சொல்வதுபோல ஏழு வருடம் என்றேன். தன் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"ஏழு வருசத்துக்குள்ள கரண்ட்டு ஒழுங்கா வந்துட்சின்னா, அந்தப் பலகைய வச்சிக்கினு நான் இன்னா பண்றது தம்பி, வடாம் காய வெக்கிறதா?"

படிவத்தில் இல்லாத தூக்கம்

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது பின்பக்க அறையிலிருந்து ஒருவர் வந்து நிறுத்தினார். பெயர் இசக்கிமுத்து, சங்கரன்கோவில் பக்கம். ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பிரஸ் மெஷினில் தகடு அடிக்கும் வேலை. ஆறு மாதமாக நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் கரண்ட் போய்விடும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பத்து மணிக்குமேல் அந்த அறையில் யாராலும் படுத்திருக்க முடியாது என்பதை எட்டிப் பார்த்ததிலேயே தெரிந்துகொண்டேன். அவருக்கு முன்னால் அங்கே இருந்தவர், இப்படித் தூக்கம் கெட்டு வேலைக்குப் போய், மெஷினில் இரண்டு விரல்களை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். இசக்கிமுத்து அதைச் சொன்னபோது தன் கையைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

ஒரே ஒரு மின்விசிறி ஓட என்ன ஆகும் என்று கேட்டார். பேனல், பேட்டரி, விசிறி எல்லாம் சேர்த்து அவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வந்தது. அதில் பாதிக்குப் பாதி பேட்டரி. பகலில் சேமித்து இரவில் விசிறி ஓடும் என்று வழக்கம்போல விளக்கினேன்.

"பேட்டரி எதுக்கு சார்? நான் ராத்திரி கம்பெனியிலல்லா கெடக்கேன்."

கூட வேலை செய்பவன்

சொன்னது சரிதான். வெயில் இருக்கும்போது தூங்குகிறவருக்கு வெயிலைச் சேமித்து வைக்க வேண்டியதில்லை. எங்கள் படிவம் எல்லோரும் இரவில் தூங்குவதாக நினைத்து அச்சடித்தது. பேனலிலிருந்து நேராக ஓடும் சின்ன டிசி விசிறி எங்களிடம் இருந்தது; மேகம் வந்தால் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான். கடைக்கு வந்து பேட்டரி இல்லாமல் ஒரு ஆர்டர் என்றதும், பொருத்துகிற வேலை பார்க்கும் டில்லிபாபு கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான். பேனல் பல வருடம் உழைக்கும், பேட்டரி மூன்று நான்கு வருடத்தில் தீர்ந்துவிடும், எங்கள் கடை நடப்பதே அந்த வித்தியாசத்தில்தான் என்று எனக்கு நினைவூட்டினான்.

"பேட்டரி இல்லாம வித்துட்டு வந்தா, அந்தாளு மறுபடியும் நம்ம மூஞ்சிய எதுக்கு தலைவரே பாக்கப்போறான்?"

யாருடைய கூரை

இசக்கிமுத்து ஓவர்டைம் பணத்தில் முன்பணம் கொடுத்துவிட்டார். பிறகுதான் கூரை ஏகாம்பரத்துடையது என்பது எங்கள் இருவருக்கும் உறைத்தது. ஆஸ்பெஸ்டாஸில் துளை போடக் கூடாது என்றார் அவர். ஒருவனுக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள், நாளைக்குக் காலி செய்யும்போது பலகை யாருடையது என்று பஞ்சாயத்து வரும் என்றும் சொன்னார். இசக்கிமுத்து வாதாடவில்லை. இங்கே தூங்க முடியாவிட்டால் வல்லக்கோட்டைப் பக்கம் அறை பார்த்துக்கொள்வதாக மட்டும் சொன்னார். ஏகாம்பரத்தின் வரிசையில் ஏற்கெனவே இரண்டு அறைகள் காலியாக இருந்தன.

கடைசியில் ஏகாம்பரம் பொதுக் குளியலறையின் சிமெண்டுத் தளத்தைக் காட்டினார். தலை உயரம்தான், ஆனால் நாள் முழுக்க வெயில் விழும் இடம். டில்லிபாபு ஸ்டாண்டை முடுக்கி முடிக்கும்வரை கீழேயே நின்றிருந்தார்.

"காலி பண்ணும்போது சூரியன மட்டும் வுட்டுட்டு, மத்த எல்லாத்தயும் கழட்டி எடுத்துக்கினு போயிடணும்."

மேகமில்லாத நாள்

பத்து நாள் கழித்து, காலை ஒன்பது மணிக்கு இசக்கிமுத்து போன் செய்தார். விசிறி நின்றுவிட்டது. அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. முந்தைய ஒரு வாரம் நன்றாகத் தூங்கிப் பழகியிருந்தார். வானத்தில் ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை. டில்லிபாபுவும் நானும் போய் வயரைப் பார்த்தோம், இணைப்பைப் பார்த்தோம், அறைக்குள் விசிறியையும் கழற்றிப் பார்த்தோம். பிறகு டில்லிபாபு குளியலறைப் பக்கம் போய் நின்று, சிரிக்காமல் என்னைக் கூப்பிட்டான். பேனல்மேல் ஒரு நீலக் கம்பெனிச் சட்டையும் பேண்டும் கைகாலை விரித்துப் படுத்திருந்தன. ஷிப்ட் முடிந்து வந்து, துவைத்து, சாயங்காலத்துக்குள் காயவேண்டும் என்று யாரோ போட்டது. சட்டைப்பையில் குத்தியிருந்த பெயர் இசக்கிமுத்து.

"கண்ணாடி நல்லா சுட்டுச்சு சார், வெரசா காஞ்சிரும்னு போட்டுட்டேன்."

முதல் ஷிப்ட்

ஐந்தாறு மாதம் கழித்து அவரைப் பகல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அது டில்லிபாபு மூலம்தான் தெரிந்தது. அவன் அதை நல்ல செய்தியாகச் சொன்னான். இரவிலும் கரண்ட் போய்க்கொண்டுதான் இருந்தது. இப்போது அவர் வேலையில் இருக்கும் நேரம் முழுக்க, ஆளில்லாத அறையில் விசிறி ஓடத் தயாராக இருந்தது. அவர் படுக்கும் நேரத்தில் பேனல் வெறும் கண்ணாடி.

பேட்டரி விலைப்பட்டியலோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பேட்டரி இல்லாமல் விற்றது தவறோ என்ற உறுத்தலும் இருந்தது. இசக்கிமுத்து கண்கள் சிவந்து உட்கார்ந்திருந்தார். மூன்று இரவாகச் சரியான தூக்கமில்லை. வெள்ளிக்கிழமை மெஷின் முன்னால் தலை தொங்கியதாகவும், பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டியதால் கையை எடுத்ததாகவும் சொன்னார். நான் பட்டியலை நீட்டினேன். தவணை முறையும் உண்டு என்றேன். அவர் அதை வாங்கிப் பார்க்காமலேயே மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"பேட்டரி வேண்டாம் சார். இனி எனக்கு எப்பவும் நைட் ஷிப்டே போடுங்கன்னு சூப்பர்வைசர்ட்ட எழுதிக் குடுத்துட்டேன்."

சோலார் போட்டால் கட்டுபடியாகுமா என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் வருடக்கணக்கு எதுவும் சொல்வதில்லை, அதற்காக நீங்கள் எவ்வளவு தூரம் மாறத் தயார் என்று மட்டும் கேட்கிறேன்.