மாரிச்செல்வி இப்போது மனு எழுதும் விதம்

ராமேஸ்வரம் தாலுகா ஆபீசுக்கு எதிர் வரிசையில் மூன்று கடைகள். முதலில் டீக்கடை, நடுவில் மாரிச்செல்வியின் டைப்பிங் சென்டர், கடைசியில் என் ஜெராக்ஸ் கடை. அவள் கடைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். பதினாறு வருடமாக அந்தத் தகரத்தைத் தாண்டி எனக்குக் கேட்டது கீபோர்டு சத்தம் மட்டும்தான்.

மனு எழுத வருகிறவர்கள் அவள் மேசைமேல் குனிந்து காதோடு காதாகச் சொல்வார்கள். அவள் 'ம்' கொட்டிக்கொண்டே அடிப்பாள். புருஷன் ஓடிப்போனது, பங்காளி வேலியை நகர்த்தியது, எல்லாம் அந்த விரல்களோடு முடிந்துவிடும். அவளிடம் கூட்டம் நின்றது அதனால்தான். அவளைவிட வேகமாக அடிக்கிற ஆட்கள் இந்தத் தீவிலேயே உண்டு.

போன வருடம் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து அவளுடைய வலது மணிக்கட்டு நொறுங்கியது. தகடு வைத்தார்கள். விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் ஒரு மனு அடிக்க ஒரு மணி நேரம் ஆனது. வந்தவர்கள் ஒரு டீயைக் குடித்துவிட்டு வேறு இடம் பார்த்துப் போனார்கள். கடையை விட்டுவிடு என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் சொன்னேன். அந்த இடம் கிடைத்தால் லேமினேஷன் மிஷின் போடலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை.

"கைதாண்ணே போச்சு, வாய் இருக்குல்ல? வாயாலயே அடிக்கிறேன் பாருங்க" என்றாள்.

பேசினால் டைப் ஆகிற வசதி போனிலேயே இருக்கிறதே என்றேன். அதற்கு நெட் வேண்டும், காற்று கொஞ்சம் வலுத்தால் இங்கே நெட் படுத்துவிடும் என்றாள். அதுவும் போக, ஊரார் வீட்டுச் சங்கதியை முகம் தெரியாத எவனுடைய கம்ப்யூட்டருக்கோ அனுப்பமாட்டாளாம்.

பெரியபட்டினத்திலிருந்து பர்வேஸ் வந்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் இருந்ததை மொத்தமாக வழித்துப் போட்டுவிட்டு லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தை ஏற்றினான். நெட் இல்லாமலே பேச்சை எழுத்தாக்குகிற சாப்ட்வேரையும் அதற்குத் தமிழ் தெரிவதற்கான ஃபைல்களையும் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தான். பெரிய ஃபைலைப் போட்டதும் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. சின்னதைப் போட்டார்கள், ஓடியது. ஆனால் என்ன பேசினாலும் திரையில் ஒரு எழுத்து வரவில்லை.

"கமாண்ட எழுதி வச்சிட்டுப் போறேன்க்கா. நாளைக்கு வந்து பாப்போம்" என்று அவன் பஸ் ஏறிவிட்டான்.

நாளைவரை பொறுக்கிற ஆளா அவள்! கறுப்புத் திரையில் இடது கை ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகக் கமாண்டு அடித்தாள். தப்பு வந்தால் திரையைத் திட்டிவிட்டு மறுபடி அடித்தாள். நான் எட்டிப் பார்த்துச் சிரித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டாள். புதிதாகச் செருகிய மைக்கை விட்டுவிட்டு, எதுவுமே செருகாத பழைய ஓட்டையில் சத்தம் வருமென்று கம்ப்யூட்டர் காத்துக்கிடந்திருக்கிறது. மாற்றினாள். "பெறுநர், உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்" என்றாள். திரையில் அப்படியே வந்தது. என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மறுநாள் பாம்பனிலிருந்து முத்தழகு என்ற பெண் வந்தாள். ரேஷன் கார்டைத் தன் பேருக்குத் தனியாகப் பிரிக்க வேண்டும். காரணத்தை வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். மாரிச்செல்வி வழக்கம்போல 'ம்' கொட்டினாள். பிறகு நிமிர்ந்து, மைக்கைப் பிடித்து, பெருமையோடு கணீரென்று ஆரம்பித்தாள்: "என் கணவர் கடந்த ஓராண்டாக வேறொரு பெண்ணுடன் குடும்பம் நடத்தி வருகிறார்."

டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் நின்றது. என் ஜெராக்ஸ் மிஷினும் நின்றது. நான்தான் நிறுத்தினேன், நன்றாகக் கேட்கட்டும் என்று. இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முத்தழகு எழுந்துவிட்டாள். "ஒன்ன நம்பி வந்தேன் பாரு, எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

பதினாறு வருடமாக எல்லாம் விரல் வழியாகவே போனதால், வாய்விட்டுச் சொன்னால் ரோட்டுக்கே கேட்கும் என்பது மாரிச்செல்விக்கு உறைக்கவே இல்லை. கை ஒடிந்தபோது அழாதவள் அன்றைக்கு அழுதாள். சங்கதி வெளியே போகும் கடை என்று பேர் வந்துவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரும் அவளைக் காப்பாற்றாது. இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பர்வேசுக்குப் போன் போட்டாள். "தம்பி, மைக்குல பேசாம, போன்ல பதிஞ்சு வச்ச பேச்சக் குடுத்தா இது எழுதுமா?"

"எழுதும்க்கா. அந்த ஃபைல் பேரப் போட்டு கமாண்டு குடுங்க. சத்தமில்லாம எழுதிரும்" என்றான் அவன்.

அடுத்த பஸ்ஸில் பாம்பனுக்குப் போனாள். முத்தழகு காலில் விழுந்தாளோ, கையைப் பிடித்தாளோ, தெரியாது. மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து வந்து இறங்கினார்கள். முத்தழகின் பேச்சு பாம்பன் கரையிலேயே ஆளில்லாத இடத்தில் மாரிச்செல்வியின் போனில் பதிவாகியிருந்தது. கம்ப்யூட்டர் அதை வாங்கி வாயே திறக்காமல் எழுதியது. மாரிச்செல்வி ஒற்றைக் கையால் மனு நடைக்குத் திருத்தி பிரிண்ட் எடுத்தாள். முத்தழகு படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

"பேச்ச அழிச்சிருத்தா" என்றாள்.

"நீங்களே அழிங்க" என்று மாரிச்செல்வி பட்டனைக் காட்டினாள். போனில் இருந்ததையும் கம்ப்யூட்டரில் இருந்ததையும் முத்தழகே அழித்தாள்.

இப்போது ஆபீஸ் காம்பவுண்டு ஓரத்துப் பூவரச மரத்தடியில் எப்போது பார்த்தாலும் ஒருவர் மாரிச்செல்வியின் போனை வாயருகே வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். பாம்பன், தங்கச்சிமடம் எல்லாம் போய், பாலத்துக்கு அந்தப் பக்கம் உத்தரகோசமங்கையிலிருந்துகூட ஆள் வருகிறது.

போன திங்கட்கிழமை ஆளில்லாத நேரம் பார்த்து நான் அவள் கடை வாசலில் போய் நின்றேன்.

"என்னண்ணே?"

"அந்தப் போனக் கொஞ்சம் குடு ஆத்தா."

ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாள். போனை எடுத்து நீட்டினாள். நான் பூவரச மரத்தடிக்குப் போய் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தேன். என்ன மனு என்று கேட்காதீர்கள். என் வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. மாரிச்செல்விக்கு மட்டும் தெரியும்.