வெயில் தாங்காத பெட்டி

நான் படித்தது நாலாம் வகுப்பு. மலேசியாவில் எஸ்டேட்டை விட்டு வந்து பாசிர் கூடாங்கில் ஏர்கான் கழுவுகிற வேலையில் சேர்ந்தேன். இன்று அதே ஊரில் மூன்று வேன் ஓடுகிற ஏர்கான் கடைக்கு நான்தான் முதலாளி. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கிதாரும் அப்படித்தான். கல்யாண விருந்துகளில் வாசிக்கிற எங்கள் இசைக்குழுவில் முப்பது வருஷமாக லீட் கிதார் நான்.

குழுவை இப்போது நடத்துவது எங்கள் கீபோர்டுக்காரர். என்னைவிட இருபது வயது இளையவர். ஒருநாள் பயிற்சி முடிந்ததும் அவர் தலையைச் சொறிந்தார்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்க கரகரப்பு கிதார் சத்தம் என் கீபோர்டுல ஒரு பட்டன்லயே வருது. மேடையிலயும் இடம் பத்தல. இனிமே கிதார் இல்லாமலே பாத்துக்கலாம்னு...”

“பட்டனா? உன் சட்டையிலயும்தான் ஆறு பட்டன் இருக்கு. அது பாடுதா தம்பி?”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “சரிண்ணே, வர்ற கல்யாணத்துல வாசிச்சுக் காட்டுங்க. என் பட்டனைவிட நல்லா இருந்தா நீங்க இருங்க.”

மூன்று வாரம் இருந்தது. கிதார் சத்தத்தைக் கரகரப்பாக்க, காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. என்னிடம் இருந்த பழைய பெட்டி கொசு மாதிரி ரீங்கரித்தது. கடையில் புதிதாக வாங்கலாம்தான். வாங்கினால் அவர் பட்டனுக்கும் என் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் எவனோ செய்தது. நானே செய்வது என்று முடிவெடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆனால் சர்க்யூட் படம் படிக்க வரும். போனில் வீடியோ பார்த்து ஒரு படத்தை அட்டையில் பெரிதாக வரைந்துகொண்டேன்.

கண்டென்சரும் ரெசிஸ்டரும் என் கடையில் கழற்றிப் போட்ட ஏர்கான் போர்டுகளிலேயே கிடைத்தன. மிதிக்கிற சுவிட்சை ஜொகூர் பாருவில் வாங்கினேன். தகராறு டிரான்சிஸ்டரில்தான். அந்தச் சத்தத்துக்குப் பழைய காலத்து ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இரண்டு வேண்டும். போனில் ஆர்டர் போட்டதில் நாலு வந்தது. பெயிண்ட் தின்னர் தொட்டுத் துடைத்தேன், மேலே அடித்திருந்த நம்பர் அப்படியே விரலோடு வந்துவிட்டது. அடியில் வேறு நம்பர், சாதா டிரான்சிஸ்டர். என்னையா ஏமாற்றுவது?

நேரே கோத்தா திங்கிக்கு வேனை விட்டேன். அங்கே பழைய சாமான் வாங்கி விற்கிற சீனப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வெள்ளம் வந்து போனதும் ஜனங்கள் தூக்கிப் போடுகிற ரேடியோ எல்லாம் அவர் கொட்டகைக்குத்தான் வரும். “இதெல்லாம் முங்கிப்போன ரேடியோ லா, பாடாது,” என்றார் மலாயில். “பாட வேண்டாம், வயிற்றைத் திறந்து காட்டினால் போதும்,” என்றேன். போர்டெல்லாம் பாசி பிடித்திருந்தது. டிரான்சிஸ்டர் மட்டும் இரும்புத் தொப்பி போட்டு அடைத்திருந்ததால் தண்ணீர் உள்ளே போகவில்லை. பதினொன்று கழற்றினேன்.

வீட்டில் மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். விரலால் பிடித்திருக்கும்போது மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது, விட்டதும் இறங்கியது. என் கை பட்டாலே உயிர் வருகிறது என்று மனைவியிடம் பெருமை அடித்தேன். நல்லதாக இரண்டைப் பொறுக்கி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து ஈயம் பற்றவைத்தேன். என் வேலை அறை எப்போதும் பதினெட்டு டிகிரியில் இருக்கும். ஏர்கான்காரன் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எவன் வேலை கொடுப்பான்? அந்தக் குளிரில் பெட்டி சிங்கம் மாதிரி உறுமியது.

“மிக்சி ஓடுதா, உங்க பெட்டி ஓடுதான்னே தெரியல,” என்றாள் மனைவி. அவளுக்குச் சங்கீதம் தெரியாது.

கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்காமல், வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். மத்தியான விருந்து. மேடை ஓரத்தில், என் காலடியில், நல்ல வெயில். கிதாருக்கென்று இரண்டு பாட்டு. முதல் பாட்டில் என் இடம் வந்ததும் பெட்டியை மிதித்தேன். அடைத்துக்கொண்ட சிங்க்கில் தண்ணீர் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். கீபோர்டுக்காரர் என்னைப் பார்த்தபடியே பட்டனைத் தட்டி என் பகுதியை வாசித்து முடித்தார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

இன்னும் ஒரு பாட்டுதான். அதுவும் போனால் நானும் போனேன்.

கேக் வெட்டப் போனார்கள், பத்து நிமிஷம் கிடைத்தது. டின்னைத் தொட்டால் கை சுட்டது. அப்போதுதான் உறைத்தது: மீட்டரில் எண் ஏறியது என் கை ராசியால் இல்லை, கைச் சூட்டால். இந்த ஜாதி டிரான்சிஸ்டருக்கு உஷ்ணம் ஆகாது. குளிர வைப்பதா? அதுதானே என் பிழைப்பு! பானக் கவுண்டருக்கு ஓடினேன்.

“தங்கச்சி, ஒரு பையில ஐஸ் கட்டிக் குடு.”

“சிரப் ஊத்தவா அங்கிள்?”

“வெறும் ஐஸ்மா. கிதாருக்குக் காய்ச்சல்.”

ஐஸை அப்படியே வைத்தால் பை வியர்த்து, தண்ணீர் வயருக்குள் இறங்கி எல்லாம் ஷார்ட் ஆகிவிடும். ஏர்கான் மாட்டுகிற எவனும் தண்ணீர் ஓடச் சாய்வு வைக்காமல் மாட்ட மாட்டான். டின்னை நிழலுக்கு இழுத்து, என் செருப்பு ஒன்றைக் கழற்றி, வயர் செருகுகிற பக்கத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். மிதிக்கிற சுவிட்சை மட்டும் விட்டு மேலே துணி போட்டு, துணியின் மேல் ஐஸ் பை.

“அண்ணே, கிதாரா, மீன் கடையா?” என்றார் டிரம்ஸ்காரர்.

“வாசிடா, பேசாத.”

இரண்டாவது பாட்டு. கீபோர்டுக்காரர் ஒரு விரலைப் பட்டன்மேல் தயாராக வைத்திருந்தார். ஒற்றைச் செருப்போடு நின்று சுவிட்சை மிதித்தேன். உறுமியது பாருங்கள்! கூடாரத் துணியே அதிர்ந்தது. சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் தட்டோடு திரும்பினார்கள். அடுத்த அடிக்குள் கீபோர்டுக்காரர் விரலை எடுத்துவிட்டார். பிறகு, “இன்னொரு சுத்துண்ணே, இன்னொரு சுத்து!” என்று கத்தினார்.

அவர் கேட்டது ஒரு சுற்று. நான் மூன்று வாசித்தேன். பாட்டுக்காரம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் வரிக்காகக் காத்திருந்தார். நிற்கட்டும்.