பெலிங் உட்கார ஒரு நாற்காலி

வாயில் குட்டை ஆணிகளை அடக்கிக்கொண்டே 'அருள் நிறைந்த மரியே' சொல்வார் செமோ. ஒரு ஜெபம் முடிந்ததும் நாக்கு ஓர் ஆணியை உதட்டுக்குத் தள்ளும். விரல் அதை எடுத்து நாற்காலிச் சட்டத்தில் வைக்கும். சுத்தியல் விழும். ஆணியை விழுங்காமல் காப்பது மாதாவின் பொறுப்பு.

"வாய்ல இரும்ப வச்சுக்கிட்டு வேண்டுனா மாதாவுக்கு என்னய்யா புரியும்?" அறைத் திரைக்குப் பின்னாலிருந்து மனைவி பெலிங் கேட்பாள்.

ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டுத்தான் பதில் வரும். "வாய் நெறயச் சோத்தோட நீ திட்டுனா எனக்குப் புரியலையா, அது மாதிரிதான்."

செமோ வலை பின்னுகிறவர். பிலிப்பைன்ஸின் பனாய்த் தீவில், இந்தக் கரையில் கிழிகிற வலைகள் அவர் மடிக்குத்தான் வரும். நாற்காலி வேலை அவருக்கு முற்றிலும் புதிது. தவக்காலத்தில் பெலிங்குக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. மூங்கில் பெஞ்சில் உட்கார்த்தினால் காற்றடித்த வாழையாகச் சாய்ந்துவிடுகிறாள். வீடு வீடாகப் போகிற மாதா சுரூபம் வருகிற சனிக்கிழமை இவர்கள் வீட்டுக்கு வருகிறது. பெண்கள் கூடி ஜெபமாலை சொல்வார்கள். எப்போதும் முதல் குரல் எடுக்கிறவள் பெலிங்தான். அவளோ, "நா உள்ளேருந்தே சொல்லிக்கிறேன். நாலு பேர் முன்னால சாஞ்சு விழ என்னால ஆவாது" என்றுவிட்டாள்.

மறுநாளே செமோ சந்தைக்குப் பின்னாலுள்ள கடையிலிருந்து, ஜப்பானிலிருந்து கப்பலில் வருகிற பழைய சாமான் விற்கிற கடை அது, கை வைத்த நாற்காலி ஒன்றைத் தலையில் சுமந்து வந்தார்.

பழைய துணியைக் கிழித்ததும் உள்ளே ஸ்பிரிங்குகள். ஒவ்வொன்றையும் சுண்டிவிட்டு, காது வைத்துக் கேட்டார். பஞ்சுக்குள் தலைமுடியில் குத்துகிற ஒரு சிவப்புக் கிளிப் கிடந்தது. "எந்த வீட்டுப் புள்ளையோ, தேடி அழுதிருக்கும்" என்று துடைத்தார். ஸ்பிரிங்குகளை வலை முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டியபோது அதையும் உள்ளேயே வைத்துவிட்டார்.

பிறகு புதுப் பஞ்சு அடைக்க இலவங்காய்களை உடைத்தார். அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று நுழைந்தது. பஞ்சு எழும்பி வீடெல்லாம் மிதந்தது. சாயங்கால வெயிலில் ஒவ்வொரு இழையும் பொன்னாகித் தரைக்கு இறங்க மனமில்லாமல் அலைந்தது. பெலிங்கின் முடியில் அமர்ந்தது, இமையில் அமர்ந்தது. பெலிங் கண்களை மேலே உயர்த்தினாள்.

"நாம மோட்சத்துக்கு வந்துட்டமா?"

"மோட்சத்துல தும்மல் வருமா புள்ள?" என்று தும்மினார்.

மேலே புதுத் துணி போர்த்தும்போதுதான் சறுக்கினார். கரைவலையை இழுக்கிற பழக்கம். ஒரே பக்கமாக இழுத்து இழுத்து ஆணி அடித்ததில், துணியின் நீலக் கோடுகள் ஓடைபோல வளைந்துவிட்டன.

"கோடு எங்கய்யா போவுது? சந்தைக்கா?"

எல்லா ஆணியையும் பிடுங்கினார். நடுவில் ஒன்று, அதற்கு நேர் எதிரே ஒன்று என்று மாற்றி மாற்றி அடித்தார். கோடு நிமிர்ந்தது. நாற்காலியின் கால்கள் குட்டை என்பதால் தென்னங்கட்டை கொடுத்து உயர்த்தினார்.

சனிக்கிழமை பெலிங் விடியும்போதே தலை சீவிக்கொண்டு, பூப்போட்ட சட்டையோடு காத்திருந்தாள். "சாய மாட்டேன்ல?" என்று இருமுறை கேட்டாள்.

அவளை அழைத்துவரச் செமோ உள்ளே போவதற்குள் ஜெபமாலைக் கூட்டம் வந்துவிட்டது. தலைவி மனாங் கோரிங் கையில் முழ உயரச் சுரூபம். அக்காவை மனாங் என்றும் அண்ணனை மனோங் என்றும் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். நாற்காலியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா, மனோங் செமோ! நம்ம தாய்க்குச் சிம்மாசனமே செஞ்சுட்டீங்களே!" என்று சுரூபத்தை அதில் அமர்த்திவிட்டாள். ஒருத்தி துணியைத் தடவிப் பார்த்தாள். இன்னொருத்தி மெழுகுதிரி ஏற்றினாள். யாரைக் குறை சொல்வது? வருகிற மாதாவுக்கு வீட்டில் நல்ல இடம் கொடுப்பதுதானே வழக்கம்.

திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. "இருக்கட்டும்யா. மாதாவே உக்காரட்டும். நா இங்கயே இருந்துக்கிறேன்."

செமோ நாற்காலி முன்னால் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கோவிச்சுக்காத தாயே, கொஞ்சம் எந்திரி. இது உனக்குச் செஞ்சதில்ல."

"மனோங்! என்ன பேச்சு இது, பாவம்!" என்று பதறினாள் கோரிங்.

சுரூபத்தை எடுத்துக் கோரிங்கின் கையில் கொடுத்தார். உள்ளே போய்ப் பெலிங்கைத் தூக்கி வந்து, பெண்கள் நடுவே நாற்காலியில் வைத்தார். அவள் சாயவில்லை. பிறகு சுரூபத்தைத் திரும்ப வாங்கி அவள் மடியில் நிறுத்தினார். சொன்னபடி கேட்காத அவளுடைய இடக்கையை எடுத்து, மாதாவின் இடுப்பைச் சுற்றி வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார்.