கோணி ஊசிக் காற்று

கார் சீட்டைச் சூடாக்கும் மெத்தை செய்வது என் வேலை. ஒரகடத்தில், தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலிலும். பனி கொட்டும் நாடுகளில் காலையில் கார் ஏறுகிறவர்களுக்கு உட்காரும் இடம் சில்லென்று இருக்கக்கூடாதாம். அதற்காக மெல்லிய துணியில் கம்பியைப் பதித்து, அழுத்தி, ஒட்டி, சோதித்து அனுப்புகிறோம். சேர்ந்த புதிதில் இதை அம்மாவிடம் விளக்கினேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"இதுக்கு ஒரு மிஷினாடி? வண்டிய கொஞ்ச நேரம் வெயில்ல வுட்டா ஆவாதா?"

எங்கள் ஊர் படப்பைக்கு அப்பால் வேறு மாதிரி வெயில் இருக்கும் என்பதை அம்மா இன்னும் நம்பவில்லை.

கம்பி ஒரு நாட்டிலிருந்து வரும், துணி இன்னொரு நாட்டிலிருந்து, பசை மூன்றாவது நாட்டிலிருந்து. வியர்வை மட்டும் உள்ளூர். எங்கள் லைனில் பன்னிரண்டு பெண்கள், எல்லோரும் கான்ட்ராக்ட். ஆளுக்கொரு மேசை, மேசைக்கொரு சின்ன பிரஸ். பிரஸ்ஸை அழுத்துவது காற்றுதான். ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்ப்ரஸர் காற்றை இறுக்கி, நீலக் குழாய் வழியாக எங்கள் மேசைகளுக்கு அனுப்பும்.

பக்கத்து மேசைக்காரி தென்காசிப் பக்கத்தவள். எங்கள் தெருவிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். மலைக்காற்றில் வளர்ந்த உடம்பு, இந்த வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் மதியம் முகம் வெளுத்து மேசைமேலேயே சாய்ந்துவிட்டாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. மறுநாள் வீட்டிலிருந்து கோணி ஊசியை எடுத்துப் போய், அவளுடைய நீலக் குழாயில், காற்று அவள் கழுத்தில் படும்படி ஒரே ஒரு குத்து குத்தினேன். குளுகுளுவென்று காற்று வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "ஏட்டி, குத்தாலம்லா" என்றாள். சூப்பர்வைசர் வந்தால் ஒட்ட ஒரு துண்டு டேப்பும் வைத்துக்கொண்டோம். பிரஸ் சத்தத்தில் காற்றுச் சத்தம் யாருக்கும் கேட்காது. காற்றுதானே, யார் வீட்டுச் சொத்து என்று நினைத்தேன்.

அந்த மாதமே வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. ஒரு மெத்தை செய்ய எவ்வளவு கரன்ட் ஆகிறது என்று கேட்டிருந்தார்கள். இதே மெத்தையை வேறொரு நாட்டிலும் செய்கிறார்களாம், அங்கே குறைவாம். நாங்களும் குறைத்தால் அடுத்த வருட ஆர்டர், இல்லையென்றால் லைனையே மூடவேண்டியதுதான். அந்த மெத்தை பனி நாட்டுக் காரில் ஏறி எவ்வளவு கரன்ட் குடிக்கும் என்று திருப்பிக் கேட்கலாம். கேட்கிற இடத்தில் நாங்கள் இல்லை.

கரன்டை எங்கே குறைப்பது என்று ஏ.சி. அறையில் கூடிப் பேசினார்கள். எங்கள் லைனுக்கு மேலே ஓடிய ஃபேன்களை நிறுத்துவது என்று முடிவாயிற்று. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. ஏ.சி.யை யாரும் தொடவில்லை.

ஃபேன் நின்ற அன்றே கோணி ஊசி கைமாறத் தொடங்கியது. முதலில் என் மேசை, அடுத்து எதிர் மேசை. வாரம் முடிவதற்குள் பன்னிரண்டு குழாயிலும் ஓட்டை.

மாதக் கடைசியில் சூப்பர்வைசர் மீட்டர் கணக்கோடு வந்தார். குன்றத்தூர்க்காரர், நல்ல மனுஷன், அன்றைக்கு முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"இன்னாம்மா இது, ஃபேன நிறுத்துனா கரன்ட் ஏறிக்கினு போவுது. சாப்பாட்டு டைம்ல கூட கம்ப்ரஸர் நிக்காம ஓடுது. இப்டியே போனா லைன் இருக்காது, சொல்லிட்டேன்."

அவர் நகர்ந்ததும் டேப்பை உரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன். காற்று சும்மா வருவதில்லை, கம்ப்ரஸர் கரன்டைக் குடித்துத்தான் காற்றைத் தருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு பேர் பிழைப்பில் ஓட்டை போட்டது என் ஊசி. தென்காசித் தோழியிடம் சொன்னேன்.

"ஏட்டி, சும்ம கெட," என்றாள் அவள். "சொன்னா ஒன்னத்தான் மொதல்ல அனுப்புவாவ."

அனுப்பத்தான் செய்வார்கள். சொல்லாவிட்டால் எல்லோரையும் அனுப்புவார்கள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் பிரஸ்கள் எல்லாம் நின்றிருந்தபோது, சூப்பர்வைசரை என் மேசைக்குக் கூட்டிவந்து டேப்பை உரித்தேன்.

காற்று அவர் சட்டைக் காலரைத் தூக்கியடித்தது. திட்டப்போகிறார் என்று நின்றேன். மனுஷன் கழுத்தை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார்.

"நல்லாத்தான் கீது," என்றார். பிறகு, "எத்தினி?"

"பன்னெண்டு சார். மொதல்ல குத்துனது நான்தான்."

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எலக்ட்ரீஷியன் வந்தார், அளந்து பார்த்தார், சிரித்தார். எங்கள் ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து குடிக்கிற கரன்டைப் போலப் பல மடங்கை இந்த ஓட்டைகள் குடிக்கின்றனவாம். அன்று மாலைக்குள் குழாய்களை மாற்றினார்கள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்ரஸர் ஓய்ந்தது.

"ஃபேன் சார்?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். வேலையே போகப்போகிறது, கேட்பதற்கு என்ன பயம்.

அவர் நேரே போய் ஸ்விட்சைப் போட்டார். மேலே என்ன சொல்லிச் சமாளித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குழாய் பழசாகி ஒழுகியது என்று எழுதியிருப்பார் போல. என்னை யாரும் அனுப்பவில்லை.

ஃபேன் ஓடியும் கரன்ட் கணக்கு இறங்கியது. இரண்டு மாதம் கழித்து, மத்தியான டீ நேரத்தில் சூப்பர்வைசர் போனைப் பிடித்தபடி லைனுக்கு வந்தார். ஆர்டர் கிடைத்துவிட்டது என்றார். நாங்கள் கத்திய கத்தலில் பக்கத்து லைன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தோழி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

சூப்பர்வைசர் இன்னும் மெயிலைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருசம் இன்னும் கொஞ்சம் கொறைக்கணுமாம்," என்றார்.

சொல்லிவிட்டு, அவரையறியாமல் தலையை நிமிர்த்தி ஃபேனைப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் அவரைப் பார்த்தோம். தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிபன் பையில் கையை விட்டு, கோணி ஊசியை எடுத்து, சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தாள்.

அவர் ஊசியைப் பார்த்தார்.

"ஃபேன்ல கை வெக்க மாட்டேன்," என்றார். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஏ.சி. அறைப் பக்கம் நடந்தார்.