நடுவில் உட்கார்ந்து பார்த்த இந்திப் படம்

என் அம்மாவும் அத்தையும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்ளாமல் இருந்த காலத்தில், இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் ஓர் இந்திப் படம் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அத்தை என்றால் நைனாவின், அதாவது என் அப்பாவின், தங்கை. மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. நாக்பூரில் ஆறு வருஷம் இருந்துவிட்டுத் திருப்பதிக்கு மாற்றலாகி வந்திருந்தார்கள். நாங்கள் புத்தூரில் இருந்தோம். என் தம்பிக்குப் பேர் வைத்த அன்று, காதில் மூன்று முறை பேர் சொல்ல வேண்டிய அத்தை நேரத்துக்கு வந்து சேரவில்லை. அம்மா தன் அக்காவைச் சொல்லச் சொல்லிக் காரியத்தை முடித்துவிட்டாள். அதற்குப் பழிவாங்க, அத்தை தன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் ஒரு தபால் கார்டு போட்டாள். அம்மா அந்தக் கார்டைக் கிழித்து அடுப்பு மூட்டினாள். அன்றோடு பேச்சு நின்றது.

திருப்பதியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தி முடிந்தும் எங்கள் ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. நைனாவும் மாமாவும் எங்களை மேட்னி ஷோவுக்கு அழைத்துப் போனார்கள். அந்தக் கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவுச் சுவர். நைனா தூங்கும் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் மூவரையும் பெண்கள் பக்கம் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அம்மாவும் அத்தையும் என்னை ஆளுக்கொரு கையைப் பிடித்து நடுவில் உட்காரவைத்தார்கள்.

படத்தில் ஒரு பண்ணையார், வண்டிக்காரன் ஒருவனைச் சுட்டுக் கொன்றார். வண்டிக்காரனின் மகன் ஒரே பாட்டில் வளர்ந்து பெரியவனாகி, கையில் சவுக்கோடு ஊருக்குத் திரும்பினான். அம்மாவுக்கு இந்தி தெரியாது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"இன்னா சொல்றான்னு உங்க அத்தையக் கேளு" என்றாள்.

கேட்டேன். அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்கப்பனைக் கொன்னவங்கள வுடமாட்டேன்றான். சொல்லு உங்கம்மாகிட்ட" என்றாள்.

சொன்னேன். இப்படியே இரண்டு பாட்டும் ஒரு சண்டையும் தாண்டின. எனக்குக் கழுத்து வலித்தது. ஆனாலும் பெரியவர்கள் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று பெருமையாக இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு, கதாநாயகனின் அம்மா ஒரு போட்டோவுக்கு முன்னால் நின்று நெடுநேரம் அழுதாள்.

"இன்னாத்துக்கு அழுவுறாளாம்?"

அத்தை சற்று யோசித்தாள். "கூடப்பொறந்தவ வர்றான்னு தெரிஞ்சும், கொஞ்சம் காத்துக்கினு இருக்காம காரியத்த முடிச்சிட்டாங்களாம்."

அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் முகம் இறுகியது.

"நல்ல நேரம் போயிடும்னு ஐயரு அவசரப்படுத்தினா யாரு இன்னா பண்ண முடியும்? கேளு."

நான் திரையில் ஐயரைத் தேடினேன். ஒரு குதிரைதான் தெரிந்தது.

"அப்ப, ஏன் வரலன்னு மரியாதைக்காச்சும் ஒரு வார்த்த கேக்க முடியாதான்னு கேளு" என்றாள் அத்தை.

"தபால் கார்டு போட்டவங்களுக்கு மரியாதையப் பத்திப் பேச்சு இன்னாத்துக்குன்னு சொல்லு."

தபால் கார்டு எந்தக் காட்சியில் வந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பிக் களைத்து, தபால் கார்டை மறுபடி அம்மாவிடமே சொல்லிவிட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "அம்மா, கொஞ்சம் சினிமா சூடனிவ்வண்டி" என்று, படம் பார்க்க விடச் சொல்லித் தெலுங்கில் கெஞ்சினாள்.

அப்போது அத்தை என் தலைக்கு மேலாகச் சாய்ந்தாள்.

"அண்ணி, எங்க வூட்டுக்காரரு டூட்டி முடிச்சு வர்றதுக்கு லேட்டாயி, ரேணிகுண்டாவுல எங்களுக்கு வண்டி பூட்ச்சி. அடுத்த வண்டிக்கு மூணு மணி நேரம். கொழந்தைக்கு வாங்கின வெள்ளி அரணாக்கயித்தக் கையில வெச்சிக்கினு பிளாட்பாரத்துல அழுதுக்கினு நின்னேன். வாசல்ல கால வெக்கறேன், பேர் வெச்சாச்சின்றாங்க. அப்படியே திரும்பிட்டேன்."

அம்மா அத்தையின் பக்கம் திரும்பினாள்.

"வாசல் வரைக்கும் வந்தியா நீ?"

"வந்தேன்."

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே. உள்ள வந்து என்னை நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"நீங்க வெளிய வந்து பாத்திருக்க வேண்டியதுதானே?"

பிறகு குரல்கள் உயர்ந்தன. என் தலைக்கு மேல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், மூக்கை உறிஞ்சினார்கள், மறுபடி பேசினார்கள். திரையில் பண்ணையார் தரையில் கிடந்தார். கதாநாயகன் சவுக்கை ஓங்கியபடி பக்கம் பக்கமாக வசனம் பேசினான். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது.

"இன்னா சொல்றான் அத்தை? கொல்லப் போறானா?"

"சும்மா இருடி" என்றார்கள் இருவரும்.

வெளியே வந்ததும் நான் நைனாவிடம் ஓடினேன். இருந்த கொஞ்சநஞ்ச உறவும் என்னால்தான் கெட்டுப்போனது என்ற பயத்தில் எனக்கு அழுகை முட்டியது.

"நைனா, அம்மாவும் அத்தையும் பயங்கரமா சண்ட போட்டுக்கினாங்க."

நைனா குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "உங்கிட்ட சொல்லச் சொல்லியா, நேருக்கு நேராவா?"

"நேருக்கு நேராத்தான். ரெண்டு பேரும் அழுதாங்க."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தார். நைனா நேராக எதிர்க் கடைக்குப் போய் எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கி வந்தார். காய்ச்சல் வந்தால்கூட வாங்கித் தராதவர். இத்தனை மோசமான செய்தியைக் கொண்டுவந்தவளுக்கு எதற்காகச் சோடா என்று எனக்கு விளங்கவே இல்லை. அவர் மனம் மாறுவதற்குள் மடமடவென்று குடித்துவிட்டேன்.